பந்தயத் தேதியைக் குறித்தவர்கள்

அமெரிக்காவின் தென்மாகாணங்களில் உள்ள சர்வகலாசாலைகள் பல, தம் கல்விச் சிறப்பைக் காட்டிலும் தம் கால்பந்துக் குழுக்களின் பெயராலேயே அந்நாட்டு ஜனங்களுக்கு அதிகமாக அறிமுகமாகியிருக்கின்றன என்பதை அங்குள்ளவர்களே சிறிது வெட்கத்தோடும் அதைவிடப் பெரிய கர்வத்தோடும் ஒப்புக்கொள்வார்கள். அலபாமா, டென்னஸி, லூயிஸியானா, டெக்ஸாஸ் ஆகிய மாகாணங்களில் லட்சம் பேர் அமரும் ஆட்ட அரங்குகள் சர்வகலாசாலைகளுக்குச் சொந்தமாக இருக்கின்றன. எங்கள் புவனகிரிப் பேரூராட்சியின் ஜனங்கள் கைக்குழந்தை முதல் அத்தனை பேரும் போய் உட்கார்ந்தாலும் அவற்றுள் ஒன்றின் பாதியைக்கூட நிரப்ப முடியாது. இந்தப் பிரம்மாண்டத்தின் ஆரம்பம் எத்தனை எளியது என்பதையும், வெள்ளாற்றுக்குத் தென்புறத்தில் சிதம்பரத்தை ஒட்டி எழுந்த நம் சர்வகலாசாலையும் நம் பள்ளிக்கூட மைதானங்களும் அந்தச் சரித்திரத்தோடு எவ்விதத்தில் உறவு கொண்டவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயும்போது ஒரு கேள்வியை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டு போக விரும்புகிறேன்: மாணவர்கள் ஆடும் பந்தயத்துக்கு நாள் குறித்தவர் யார்?

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முட்டை வடிவமான தோற்பந்தைக் கையில் இறுக அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஒருவன் ஓட, அவனை மேலே விழுந்து மண்ணில் சாய்ப்பதும், சாய்ந்த இடத்திலிருந்தே மறுபடி ஆட்டத்தைத் தொடங்குவதுமே இதன் சாரம். பிடிப்பதிலும் தப்புவதிலும் நம் சடுகுடுவுக்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம்; ஆனால் சடுகுடுவில் பாடிச் செல்பவன் தனியாள், இங்கே ஒரு சேனையே அவனுக்கு முன்னால் இடித்து வழி செய்துகொண்டு போகிறது. 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூஜெர்ஸி மாகாணத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரண்டு கலாசாலைகள் பக்கத்துக்கு இருபத்தைந்து பேராக நின்று ஆடியதை அமெரிக்கர்கள் இதன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்; ரட்கர்ஸ் 6-4 என்று வென்ற அந்த ஆட்டம் பந்தை உதைத்து ஆடுவதாகவே இருந்தது. இப்போது நாம் காணும் வடிவத்தைக் கொடுத்தவர் ஏல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் காம்ப். பக்கத்துக்குப் பதினொருவர் என்பதும், பந்து எவரிடம் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லாதபடி இரு அணிகளையும் ஒரு கோட்டுக்கு இருபுறமும் நிறுத்துவதும் 1880இல் அவர் யோசனையால் வந்தன. மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜமாவது முன்னேறாவிட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி 1882இல் வந்தது. ஐந்து கஜத்துக்குத் தலா மூன்று தடவை மோதுவது என்ற இந்த ஏற்பாடு கணிதமாகப் பார்த்தால் அழகானது. மனித எலும்புகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அத்தனை அழகானதல்ல.

வடக்கே இருபது வருஷம் ஆடப்பட்ட பிறகுதான் ஆட்டம் தெற்கின் உட்பகுதியில் வேரூன்றியது. உள்நாட்டு யுத்தத்தில் தோற்று, வயலும் வீடும் வங்கியும் நாசமாகி, ஏழ்மையில் கிடந்த அந்தப் பிரதேசத்துக் கலாசாலைகளுக்கு விளையாட்டு ஒரு பெரிய விஷயமாக இருந்திருக்க முடியாது. ஜார்ஜியா மாகாணத்தின் ஏதென்ஸ் நகரத்தில் 1785ஆம் வருஷத்துச் சாஸனத்தால் அமைந்த சர்வகலாசாலைக்கும், அலபாமாவின் ஆபர்ன் என்னும் சிற்றூரில் விவசாயமும் யந்திரக் கலையும் கற்பித்துவந்த கலாசாலைக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு இளம் உபாத்தியாயர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜார்ஜியாவுக்கு வந்தவர் ரசாயனம் போதித்த சார்லஸ் ஹெர்ட்டி. ஆபர்னுக்கு வந்தவர் சரித்திரம் போதித்த ஜார்ஜ் பெட்ரி. இருவரும் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்கள். ஜெர்மானிய முறைப்படி ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஏற்பட்டது அந்த ஸ்தாபனம்; அங்கே ரசாயனமும் சரித்திரமும் கற்கப் போன இருவர், திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹெர்ட்டி தம் மாணவர்களைக்கொண்டு கட்டடங்களுக்கு மேற்கே இருந்த கரடுமுரடான நிலத்தைச் செப்பனிட்டு மைதானமாக்கினார். 1892 ஜனவரி 30ஆம் தேதி மெர்சர் கலாசாலையோடு அங்கே நடந்த முதற் பந்தயத்தில் ஜார்ஜியா 50-0 என்று வென்றது. மூன்று வாரங்கள் கழித்து, பிப்ரவரி 20ஆம் தேதி, அட்லாண்டா நகரத்துப் பீட்மான்ட் பூங்காவில் ஹெர்ட்டியின் பிள்ளைகளும் பெட்ரியின் பிள்ளைகளும் சந்தித்தார்கள். அக்காலத்தில் ஜார்ஜியாக் குழுவுக்கு அதிர்ஷ்ட சின்னமாக இருந்தது, சட்டையும் தொப்பியும் அணிவிக்கப்பட்ட ஒரு வெள்ளாட்டுக் கிடா. அது வந்தும் பயனில்லாமல் ஆபர்ன் 10-0 என்று வென்றது. இன்றுவரை வருஷந்தோறும் தொடர்கிற அந்தப் போட்டிக்குத் தேதி குறித்தது எந்தச் சங்கமும் அல்ல, எந்த நிர்வாகக் குழுவும் அல்ல; ஒரே இடத்தில் படித்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆபர்ன் குழுவின் ஆரஞ்சும் நீலமுமான வர்ணங்களைக்கூடப் பெட்ரி தாம் முன்பு படித்த வர்ஜீனியா சர்வகலாசாலையிலிருந்து கொண்டுவந்தார்.

ஹெர்ட்டியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். பைன் மரத்தின் அடியை ஆழமாகக் குடையாமல் அதன் பிசினைச் சிறு மண்கலயங்களில் வடித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்து அழிந்துகொண்டிருந்த தென்னகக் காடுகளைக் காத்தவரும், அதே பைன் மரத்திலிருந்து செய்தித்தாள் அச்சிடும் காகிதம் செய்யலாம் என்று முதுமையில் நிரூபித்தவரும், அமெரிக்க ரசாயன சங்கத்தின் தலைவராக இருந்தவரும் அவரே. பெட்ரியோ ஆபர்னிலேயே தங்கி ஒரு தலைமுறைச் சரித்திர ஆசிரியர்களை உருவாக்கினார். மைதானத்தைச் செப்பனிட்டவர்கள் படிப்பில் சோடை போனவர்கள் என்று எண்ணுவது நம் நாட்டில் வழக்கம். அதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஹெர்ட்டி அமைத்த அந்த மைதானம் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் தாரிட்ட இடமாகிப் பல பத்தாண்டுகள் கிடந்து, 1999இல்தான் மறுபடியும் புல்தரையாயிற்று.

உபாத்தியாயர்களின் கையில் ஆட்டம் இருந்த காலம் நீடிக்கவில்லை. 1897 அக்டோபர் 30ஆம் தேதி அட்லாண்டாவில் வர்ஜீனியாவோடு நடந்த பந்தயத்தில், எதிரணியின் திரண்ட மோதலை எதிர்த்துப் பாய்ந்த ஜார்ஜியாக் குழுவின் வான் காமன் என்னும் இளைஞன் தலையில் அடிபட்டு நினைவிழந்து, மறுநாள் விடியுமுன் இறந்துபோனான். அக்காலத்தில் தலைக்கவசம் கட்டாயமில்லை. தலைமயிரை அடர்த்தியாக வளர்த்துக்கொள்வதே பல ஆட்டக்காரர்களுக்குக் கவசம். முப்பத்தைந்து நிமிஷங்கள் கொண்ட இரு பாதிகள். வெளியே போனவன் திரும்ப ஆட முடியாது என்பதால், அடிபட்டவனும் வலியை விழுங்கிக்கொண்டு நிற்பான். பந்தை முன்னோக்கி எறிவது தடை செய்யப்பட்டிருந்தபடியால், முன்னேற வேண்டுமானால் கூட்டமாகச் சேர்ந்து இடிப்பதைத் தவிர வேறு மார்க்கமும் இல்லை. காமனின் மரணம் மாகாணத்தையே உலுக்கிவிட்டது. ஜார்ஜியாவும் மெர்சரும் தங்கள் குழுக்களைக் கலைத்தன, பத்திரிகைகள் கண்டித்தன, சட்டசபையின் இரு சபைகளும் இந்த ஆட்டத்தை மாகாணத்திலேயே தடைசெய்யும் மசோதாவைப் பெருவாரியான வாக்குகளால் நிறைவேற்றின. கவர்னர் வில்லியம் அட்கின்சனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்து விழாமல் தடுத்தது இறந்தவனின் தாய். ரோஸலிண்ட் காமன், தம் ஊரைச் சேர்ந்த சட்டசபை அங்கத்தினருக்கு எழுதிய கடிதத்தில், தம் மகனின் மரணத்தைக் காரணமாகக் காட்டி அவன் உயிராக நேசித்த ஆட்டத்தை ஒழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கவர்னர் மசோதாவைத் திருப்பியனுப்பினார். இச்சம்பவத்தைத் தென்னகத்தார் வீரத்தாயின் கதையாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருக்கிறார்கள். புத்திர சோகத்தில் இருந்த ஒரு பெண்ணின் சொல்லை எடைபோடும் உரிமை நமக்கு இல்லை. ஆயினும், ஆட்டத்தின் விதிகளைத் திருத்தியிருக்க வேண்டிய பெரியவர்கள் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் எட்டு வருஷம் ஒளிந்துகொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். 1905ஆம் வருஷத்துப் பருவத்தில் நாடெங்கும் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர்கள் இறந்த பிறகே, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் தலையீட்டையொட்டிக் கலாசாலைகள் ஒன்றுகூடி ஒரு பொதுச் சங்கத்தை அமைத்தன. பந்தை முன்னோக்கி எறிவது 1906இல் அநுமதிக்கப்பட்டு, இடிபாடு சிறிது குறைந்தது. அந்த அநுமதிக்காக ஓயாமல் வாதாடியவர்களுள் முக்கியமானவர், ஆபர்னில் பெட்ரிக்குச் சில வருஷங்களுக்குப் பின் பயிற்சியாளராக இருந்த ஜான் ஹைஸ்மன்.

இனி, இந்தச் சரித்திரத்தின் மிக விசித்திரமான பருவத்துக்கு வருகிறேன். டென்னஸி மாகாணத்தில் ஒரு மலைமேட்டின் மேல், காட்டின் நடுவே, சுவானி என்னும் இடத்தில் 'தெற்கின் சர்வகலாசாலை' என்ற பெயரோடு ஒரு கல்வி ஸ்தாபனம் இருக்கிறது. எபிஸ்கோபல் திருச்சபையின் பிஷப்புகள் இதற்குச் சங்கற்பம் செய்தது 1857இல்; நம் சென்னை சர்வகலாசாலைச் சட்டமும் அதே வருஷத்தது. 1860இல் அவர்கள் நாட்டிய அஸ்திவாரக் கல்லை யுத்தத்தின்போது வடக்கத்திச் சிப்பாய்கள் உடைத்தெறிந்தார்கள். 1868இல் ஒன்பதே மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டை மாதிரியாகக் கொண்டபடியால் மாணவர்கள் கறுப்பு அங்கி அணிவதும், ஸ்தாபனத்தின் நிர்வாகத் தலைவரை நம்மைப் போலவே 'துணைவேந்தர்' என்று அழைப்பதும் அங்கே வழக்கம். பாடமும் உணவும் உறக்கமும் ஒரே வளாகத்தில் என்ற ஏற்பாட்டில், சுற்றுவட்டாரத்தில் வேறு பொழுதுபோக்கே இல்லாத அந்த மாணவர்கள் மாலைதோறும் மைதானத்தில் கூடியதில் ஆச்சரியமில்லை.

1899ஆம் வருஷத்துச் சுவானிக் குழுவுக்குத் தலைவர் ஹென்றி சைபெல்ஸ். பயிற்சியாளர் பிரின்ஸ்டனில் படித்த பில்லி சூட்டர். காரியதரிசியும் பொக்கிஷதாரரும் மானேஜருமாகிய எல்லாப் பொறுப்பையும் தலையில் சுமந்தவர் லூக் லீ என்னும் மாணவர். வருஷந்தோறும் நல்ல வசூல் தரும் வாண்டர்பில்ட் பந்தயம், டிக்கெட் பணத்தைப் பங்கிடுவதில் ஏற்பட்ட தகராறால் அந்த வருஷம் நின்றுபோயிற்று. குழுவின் கணக்கில் துண்டு விழுந்தது. வேறொருவராக இருந்தால் நிர்வாகத்துக்கு மனுப் போட்டிருப்பார்; லூக் லீ ரயில்வே கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு தெற்கிலும் மேற்கிலும் உள்ள கலாசாலைகளுக்குக் கடிதமும் தந்தியும் விடுத்தார். பலன், இன்றைக்கும் நம்பக் கடினமான ஒரு பிரயாணத் திட்டம். நவம்பர் 9ஆம் தேதி ஆஸ்டின் நகரத்தில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையை 12-0 என்று வென்று, அன்றிரவே ரயிலேறி, 10ஆம் தேதி ஹியூஸ்டனில் டெக்ஸாஸ் விவசாயக் கலாசாலையை 10-0, 11ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0 என்று வென்றார்கள். 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பாதிரிமாரின் கலாசாலையாகையால் ஓய்வு. 13ஆம் தேதி பாட்டன் ரூஜில் லூயிஸியானாவை 34-0. 14ஆம் தேதி மெம்பிஸில் மிஸிஸிப்பியை 12-0. ஆறு நாட்களில் ஐந்து வெற்றி; ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

ஏறக்குறைய 2,500 மைல் நீண்ட இந்தப் பிரயாணத்தில் இருபத்தொரு பேர் சென்றார்கள். தூங்கும் வசதி கொண்ட தனி ரயில்பெட்டி ஒன்றை அமர்த்தி, போகிற ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெடுமோ என்று அஞ்சி, தங்கள் மலைச் சுனையின் நீரைப் பீப்பாய்களில் நிரப்பி அதில் ஏற்றிக்கொண்டார்கள். ஊற்றுநீரில் இத்தனை எச்சரிக்கையாக இருந்தவர்கள் ஆடும் செருப்புகள் அடங்கிய மூட்டையை ஸ்டேஷனிலேயே மறந்து வைத்துவிட்டு, வழியில் தந்தி கொடுத்துப் பின் வண்டியில் தருவித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இருபது வயதுப் பிள்ளைகளை அறிந்தவர்கள் அதை நம்பத் தயங்க மாட்டார்கள். அந்தப் பருவத்தின் பன்னிரண்டு பந்தயங்களிலும் சுவானி வென்றது. மொத்தப் புள்ளிகள் 322. எதிரிகள் எல்லோரும் சேர்ந்து பெற்றவை பத்து. அந்தப் பத்தையும் பெற்றது ஒரே குழு, ஹைஸ்மனின் ஆபர்ன். நவம்பர் 30ஆம் தேதி நடந்த அந்தப் பந்தயத்தில் சுவானி 11-10 என்று மயிரிழையில் தப்பியது.

லூக் லீ பிற்காலத்தில் ஒரு தினசரிப் பத்திரிகையை ஸ்தாபித்து, டென்னஸியின் பிரதிநிதியாக அமெரிக்கச் செனட் சபையில் அமர்ந்தார். முதல் உலக யுத்தம் முடிந்தபின் 1919 ஜனவரியில், ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியச் சக்ரவர்த்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று சில சகாக்களோடு மோட்டாரில் போய், சக்ரவர்த்தி தங்கியிருந்த மாளிகைக்குள்ளேயே நுழைந்து, காரியம் கைகூடாமல் திரும்பிய கர்னல் லீயும் அவரேதான். ஆறு நாட்களில் ஐந்து பந்தயம் வைத்துக்கொண்டவர் செய்யக்கூடிய காரியம்தான் அது. சுவானியின் பிற்காலமோ வேறு விதமாயிற்று. பயிற்சியாளருக்குப் பெருஞ்சம்பளமும் ஆட்டக்காரருக்கு உதவிப்பணமும் வாரி வழங்கிய பெரிய சர்வகலாசாலைகளோடு 1932இல் ஒரு கூட்டமைப்பில் சேர்ந்த அது, அந்தக் கூட்டமைப்புக்குள் ஒரு பந்தயத்தில்கூட வெற்றி பெறாமல் 1940இல் விலகியது. தேதி குறிக்கும் அதிகாரம் மாணவன் கையிலிருந்து பணத்தின் கைக்குப் போனபோது மலைமேல் இருந்த சிறிய கலாசாலைக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

இந்தப் பந்தயங்கள் எல்லாம் வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியவை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேற்சொன்ன தென்னகக் கலாசாலைகள் ஒன்றிலும் அன்று கறுப்பின மாணவர் காலடி வைக்க முடியாது. விடுதலை பெற்ற அடிமைகளின் மக்களுக்கென்று ஏற்பட்ட பிடில், லிவிங்ஸ்டன் என்னும் இரு கலாசாலைகள் 1892 டிசம்பர் 27ஆம் தேதி வட கரோலினாவின் ஸால்ஸ்பரி நகரத்தில், பனி பெய்து எல்லைக்கோடுகள் மறைந்துபோன மைதானத்தில், தங்கள் முதற் பந்தயத்தை ஆடின, பிடில் வென்றது. லிவிங்ஸ்டன் குழுவின் ஆட்ட உடைகளை அக்கலாசாலையின் தையல் பிரிவு மாணவிகளே தைத்துக் கொடுத்தார்கள். அந்த உடைகளைப் பற்றிப் படிக்கும்போது, சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளிக்கூடத்தை நினைக்காமல் எங்கள் பக்கத்துக்காரர் எவரும் இருக்க முடியாது. மைதானம் என்பது எல்லோருக்கும் பொதுவான இடம் என்பதே பிற்காலத்து எண்ணம்.

சரி, இந்த முரட்டு ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன உறவு? மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.ஸி.ஏ. தன் தேகப்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரித்துவந்த கலாசாலையில், 1890இல் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. அதில் நடுவில் நின்று இடிவாங்கியவர் கனடாவிலிருந்து வந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். காதுகள் நைந்துபோகாமல் இருக்கத் தமக்கென்று ஒரு தலைப்பட்டையும் தைத்துக்கொண்டவர் அவர். கால்பந்துப் பருவம் முடிந்து பனிக்காலத்தில் கூடத்துக்குள் அடைபட்டுச் சலித்துக் கிடந்த பதினெட்டு மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டும், அதில் இடிப்பும் இழுப்பும் இருக்கக் கூடாது என்று மேலதிகாரி குலிக் கேட்க, 1891 டிசம்பரில் பதின்மூன்று விதிகளை எழுதி, இரண்டு பழக்கூடைகளை மேல்தளத்து விளிம்பில் ஆணியடித்து அவர் தந்ததே கூடைப்பந்து. பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்ற அதன் ஆதார விதி, ஓடினால்தானே மேலே விழுந்து சாய்ப்பார்கள் என்ற அனுபவத்தில் பிறந்தது. நான்கு வருஷம் கழித்து, அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தும் வயதானவர்களுக்குக் கடினம் என்று கண்டு, வலையின் இருபுறமும் நின்று ஆடும் கைப்பந்தை அமைத்தார். ஆக, மோதலை மேலும் மேலும் நீக்கிக்கொண்டே வந்ததில் விளைந்தவை இவ்விரண்டும்.

இவற்றை ஒய்.எம்.ஸி.ஏ. உலகமெங்கும் கொண்டுபோயிற்று. சென்னைக்கு 1919இல் வந்து சேர்ந்தவர் ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர். மறுவருஷமே அவர் தொடங்கிய தேகப்பயிற்சிக் கலாசாலை, பிற்பாடு சைதாப்பேட்டைப் பக்கம் நந்தனத்தில் விசாலமான மைதானங்களோடு நிலைபெற்றது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போன இந்தியக் குழுவோடு பயிற்சி அளிப்பவராகப் போனவரும் அவர்தான். 1943இல் அவர் காலமாகும்வரை அந்தக் கலாசாலையில் தேறியவர்கள் ராஜதானியெங்கும் உயர்நிலைப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாகவும், காலேஜுகளில் பிஸிகல் டைரக்டர்களாகவும் அமர்ந்தார்கள். கழுத்தில் விசில், இடுப்பில் வெள்ளைக் கால்சட்டை, கையில் பிரம்பு என்று நம் தகப்பனார்கள் நினைவில் நிற்கும் அந்த உருவத்தின் மூலபுருஷர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்தவர்.

தாய் ஆட்டம் மட்டும் இங்கே வரவில்லை. தோற்கவசமும் அட்டைகட்டிய உடையும் வாங்கப் பணம் ஏது என்பது ஒரு காரணம். உதைபந்தை வெள்ளைக்காரப் பட்டாளமும், கிரிக்கெட்டை ஜமீன்தார்களும் வக்கீல்களும் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. இவற்றைவிட ஆழமான காரணம், இந்த ஆட்டத்தைச் சுமந்து வர ஹெர்ட்டியைப் போன்ற உபாத்தியாயர் ஒருவர் கப்பலேறவில்லை என்பதே. வந்தவர்கள் மிஷன் ஸ்தாபனத்தார். அவர்கள் கொண்டுவந்தது, கட்டுக்கு அடங்கிய விளையாட்டையும், மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் ஒழுங்கையுமே.

இங்கே அண்ணாமலை சர்வகலாசாலையின் விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். சென்னை சர்வகலாசாலை பல ஊர்க் காலேஜுகளை இணைத்துக்கொண்டு பரீட்சை நடத்தும் ஸ்தாபனமாகவே வெகுகாலம் இருந்தது. அதன் குழு என்றால் பத்து மைதானங்களில் ஆடியவர்களைப் பொறுக்கிச் சேர்த்த குழு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாக்ஷி காலேஜைத் தொடங்கி, பின்பு இருபது லட்ச ரூபாய் நன்கொடையும் கொடுத்து, 1929இல் சட்டப்படி எழுப்பிய சர்வகலாசாலையோ, சிதம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே நெல்வயல்களின் நடுவில், ஆசிரியரும் மாணவரும் உடனுறையும் விதமாக அமைந்தது. ஒரே இடம், ஒரே பெயர், விடுதி நிறைய வாலிபர்கள், வாசலில் ரயில். சுவானிக்கு இருந்த அனுகூலங்கள் அனைத்தும் அண்ணாமலை நகருக்கும் இருந்தன. மைதானங்களுக்கும் குறைவில்லை.

ஆனால் தேதி குறிக்கும் வேலை முதலிலிருந்தே மாணவனிடம் இல்லை. 1925இல் ஏற்பட்ட சர்வகலாசாலைகளின் பொதுச் சபை, பட்டங்களின் சமத்துவத்தைக் கவனித்ததோடு காலக்கிரமத்தில் விளையாட்டுப் போட்டிகளையும் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. கிரிக்கெட்டுக்கு 1935-36 பருவத்தில் ரோஹிண்டன் பாரியா கோப்பை வந்தது. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அண்ணாமலை தென்மண்டலத்தில் நின்றது. எவர் எங்கே என்று எவரோடு ஆடுவது என்பதைச் சுற்றறிக்கை சொல்லிற்று. பிஸிகல் டைரக்டர் பெயர்ப்பட்டியல் அனுப்பினார். படியும் ரயில் கட்டணமும் விதிப்படி கிடைத்தன. இந்த ஏற்பாட்டில் காமனைப் போல் எவனும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, டிக்கெட் பணத்துக்காக எந்தச் சர்வகலாசாலையும் தன் மானத்தை விற்கவில்லை. இது சிறிய பெருமையல்ல. அதே சமயம், சிதம்பரத்துக் கடைவீதியிலோ புவனகிரித் தறிக்குழியிலோ இருப்பவன் ஒருவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கும்படியான பந்தயமாக அதில் எதுவும் வளரவில்லை. மைதானம் வளாகத்துக்குள் இருந்தது; ஊர் வெளியே இருந்தது. நம் சர்வகலாசாலைகளில் திறமைக்குக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. லூக் லீக்கு அங்கே உத்தியோகம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த உத்தியோகம் வேறிடத்தில் இருக்கிறது. மார்கழி பிறந்து பொங்கல் நெருங்கும்போது வெள்ளாற்றின் இருகரை ஊர்களிலும் டீக்கடைச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்படும் நோட்டீஸுகளைப் பார்த்தால் தெரியும். கைப்பந்துக்கும் சடுகுடுவுக்கும் தொடர் போட்டி அறிவிக்கிற அந்தத் தாள்களில், தேதியைக் குறித்தவர்கள் ஊர் இளைஞர் மன்றத்தார். முதற் பரிசு இன்னார் உபயம், சுழற்கோப்பை இன்னார் நினைவாக, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு உண்டு, நடுவர் தீர்ப்பே முடிவானது என்று வரிசையாகப் போட்டு, அடியில் நாலைந்து பெயர்கள் இருக்கும். உபயதாரர் வீட்டுக்கு மூன்று தடவை நடப்பதும், ஒலிபெருக்கிக்காரரிடம் வாடகையைக் குறைத்துப் பேசுவதும், கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பதும், ஆட்டம் முடிந்தபின் துண்டு விழுந்த தொகையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதும் அந்தப் பெயருக்குரியவர்களே. அவர்களில் சிலர் பகலில் அண்ணாமலை நகரில் மாணவர்கள். அங்கே மைதானத்தில் ஆடச் சொன்னால் ஆடுகிறார்கள். பந்தயத்துக்கு நாள் குறிப்பதென்றால் ஊருக்குத்தான் வருகிறார்கள்.